நூற்றுப் பதினெட்டாவது அட்டை

அப்பா இறந்தபோது முத்துவடிவுக்கு எட்டு வயது. இனிமேல் இந்தப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட உறவுக்காரர்கள் ஏழு பேர். அவர்களைத் தாண்டி எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்து, கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கினாள். டைபாய்டு காய்ச்சலில் இருபத்தாறு நாள் கிடந்து எழுந்து, முடி உதிர்ந்த தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறினாள். 1964 ஜூலை 13-ஆம் தேதி, ஆற்றுநீர் அளவுகளைக் கணக்குப் பார்க்கும் ஒரு சென்னை அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். நேர்முகத்துக்கு வந்த முப்பத்திரண்டு பேரில் பெண் அவள் ஒருத்திதான். மறு வருஷம், கம்ப்யூட்டர் என்ற யந்திரத்துக்கு வேலை எழுதிக் கொடுக்கும் வித்தையைக் கற்க அலுவலகத்திலிருந்து ஆறு பேரை அனுப்பினார்கள். பட்டியலில் ஆறாவது பெயர் அவளுடையது. அந்தப் பெயருக்கு எதிரே யாரோ பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். பயிற்சி முடிவில் அவள்தான் முதல். கேள்விக்குறியை யாரும் அழிக்கவில்லை.

இந்த விவரங்களை நாள் கிழமையோடு ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்திருந்தவன் அவளுடைய அண்ணன் நாறும்பூநாதன். தங்கையைவிட ஆறு வயது மூத்தவன். அப்பா இறந்த வருஷம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தென்காசி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் உச்சிமாகாளி அண்ணாச்சியிடம் நகல் எழுதப் போனான். பதினைந்து வருஷமாக அதே மரப்பெட்டி, அதே இடம். அவன் எழுதிய முத்திரைத்தாளில் மை சிந்தியதில்லை. தப்பித் தவறி ஒரு சொல் பிசகினால் சுரண்ட மாட்டான். ஒரே கோடாக அடித்து, மேலே சரியான சொல்லை எழுதி, பக்கத்தின் அடியில் “அடித்தல் ஒன்று” என்று குறித்து, சொத்தை எழுதிக் கொடுப்பவரிடம் அந்த இடத்தில் தனியாகக் கையெழுத்து வாங்கிவிடுவான். திருத்தத்தை ஒளித்த பத்திரம்தான் கோர்ட்டுக்குப் போகும் என்பது அண்ணாச்சியின் பாடம். கையெழுத்துப் போட்டவன் திருத்தத்துக்குப் பொறுப்பு.

1966 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை காலை மெயிலில் முத்துவடிவு தென்காசிக்கு வந்து இறங்கினாள். அலுவலக வேலையாகத்தான் வந்தாள். சிற்றாற்றில் உள்ள ஓர் அணைக்கட்டில் முப்பது வருஷமாகத் தினமும் குறித்து வந்த நீர்மட்டங்களைக் கொண்டு, ஓராண்டில் எவ்வளவு தண்ணீர் அதன்மேல் வழிந்து போயிருக்கிறது என்று கணக்கிடும் வேலை அவளிடம் கொடுக்கப்பட்டிருந்தது. மட்டம் பார்க்க அங்கே நட்டிருந்த அளவுக்கல்லின் பூஜ்யக் கோடு எங்கே இருக்கிறது என்பதில் ஒரு சந்தேகம். ஊர்க்காரி என்பதால் அவளையே நேரில் பார்த்து வரச் சொன்னார்கள்.

வந்தவள் முகத்தில் தெளிவில்லை. அம்மா சொக்கம்மாள் மூன்று தடவை கேட்ட பிறகுதான் காரணம் வெளியே வந்தது. கம்ப்யூட்டர் அவர்கள் அலுவலகத்துக்குச் சொந்தமானது கிடையாது. வேறொரு ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறது. பல அலுவலகங்கள் அதற்கு முறை வைத்துக் காத்திருக்கின்றன. அவளுக்கு ஒதுக்கியிருப்பது ஒரு மணி நேரம், செவ்வாய்க்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை மூன்று வாரம் கழித்துத்தான். விடை பதினைந்தாம் தேதிக்குள் வராவிட்டால் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவளுடைய தற்காலிக வேலையின் தவணையும் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கேள்விக்குறி போட்டவர்கள் அப்போது அதைப் பேனாவால் எழுதிக்கொள்வார்கள்.

ஆகவே திங்கட்கிழமை சாயங்காலம் நாலே முக்கால் மெயிலைப் பிடித்தே ஆக வேண்டும். எழும்பூரில் இறங்கி நேரே ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போவதற்காக, வேண்டிய சாமான்களைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். அவை இரண்டு பிஸ்கட் டின்கள். உள்ளே சாண் நீளத்துக்குக் கெட்டியான அட்டைகள், ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாகத் துளைகள். சாரல் ஈரம் பட்டால் அட்டை உப்பிவிடும், உப்பினால் யந்திரம் கடித்துத் துப்பிவிடும் என்று டின்னை மெழுகுத் துணியில் சுற்றியிருந்தாள்.

நாறும்பூநாதனுக்கு எதையும் அரைகுறையாக விடுவது பிடிக்காது. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து விசாரித்தான். அவளும் சொன்னாள். யந்திரத்துக்கு எண்களைத் தவிர வேறு பாஷை தெரியாது. எண்களாகவே எழுதினால் மனுஷருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் கொஞ்சம் இங்கிலீஷும் கொஞ்சம் கணக்கும் கலந்த ஒரு பாஷையில் எழுதி அட்டையில் துளைபோடுவார்கள். அதை எண்களாக மாற்றித் தருவதற்கென்றே கம்பைலர் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு பெட்டி அட்டைதான். முதலில் அதை யந்திரத்துக்குள் விட்டு, பின்னால் நாம் எழுதியதை விட்டால், மாற்றி எழுதிய புது அட்டைகளாக வெளியே வந்து விழும்.

“அப்ப கம்பைலர்ங்கது நம்ம உச்சிமாகாளி அண்ணாச்சி” என்றான் நாறும்பூநாதன்.

முத்துவடிவு சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. “எப்படிச் சொல்லுத?”

அவன் விளக்கினான். ஊரிலிருந்து வருகிறவன், எங்க சித்தப்பா வீட்டை என் பேருக்கு மாத்தணும் என்று தன் பேச்சில் சொல்லுவான். அண்ணாச்சி அதைப் பத்திர பாஷைக்கு மாற்றுவார். மாற்றி முடிந்தால் அவர் வேலை தீர்ந்தது. பிறகு பத்திரம் தானாக நிற்கும். அண்ணாச்சி கூடவே போய் நிற்க வேண்டியதில்லை.

“அதேதான் அண்ணே. மாத்தி முடிச்சாச்சுன்னா கம்பைலருக்கு வேலை இல்ல. அந்தப் பெட்டிய அங்கனயே வச்சுட்டு வந்துட்டேன். மாத்துன அட்டை இந்தா, இந்த டின்னுல இருக்கு. இன்னொண்ணு லைப்ரரி. அது வேற சங்கதி. அது என்னன்னா...”

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். தோசை ஆறிப்போகும் என்று இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். பேச்சு அங்கேயே நின்றது. நாறும்பூநாதனுக்கு முழுவதும் புரிந்துவிட்ட திருப்தி. பத்திர எழுத்தரைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், மீதியைக் கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் அளவுக்கல்லைப் பார்க்க அணைக்கட்டுக்குப் போனார்கள். வீட்டில் அவன் மட்டும். தங்கையின் டிரங்குப் பெட்டியில் முறுக்கு டின்னையும் வைத்துவிடச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் அம்மா. இடமில்லை. பிஸ்கட் டின் இரண்டையும் வெளியே எடுத்தான். ஒன்றின்மேல் தங்கையின் பெயர் ஒட்டியிருந்தது. மற்றதில் அவள் பெயர் இல்லை. அச்சடித்த ஒரு காகிதத்தில் “ஸ்டாண்டர்ட் லைப்ரரி” என்றும், அதன் கீழே, உபயோகித்த பின் திருப்பி வைக்கவும் என்றும் இங்கிலீஷில் இருந்தது.

எட்டாம் வகுப்பு இங்கிலீஷுக்கு அது போதும். லைப்ரரிச் சாமான். உபயோகித்தாயிற்று, மாற்றி முடிந்தது, இனி வேலை இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறாள். பதினோராம் வகுப்பில் அவள் எடுத்துவந்த ஒரு நூலகப் புத்தகம் ஐந்து நாள் பிந்திப்போனதற்கு, நூலக வாசலில் நின்று பத்துப் பேர் முன்னால் பதில் சொன்னவன் அவன். இத்தனை கவலைக்கு நடுவில் பாவம், இந்தச் சின்னக் காரியத்தையும் அவள் தலையில் ஏற்ற வேண்டாம் என்று நினைத்தான்.

அட்டைகளை இரண்டு தடவை எண்ணினான். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் வரிசை எண் இருந்தது; ஒன்று முதல் இருநூற்றுப் பன்னிரண்டு வரை சரியாக இருப்பதையும் பார்த்தான். டின்னோடு எடுத்துக்கொண்டு ஊரின் கிளை நூலகத்துக்குப் போனான்.

நூலகர் முகம்மது மீரான் கடையநல்லூர்க்காரர். அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன ஜாதகம் என்று அவருக்கும் விளங்கவில்லை. சென்னையிலிருந்து வந்த லைப்ரரிச் சாமான், திருப்ப வேண்டியது என்று நாறும்பூநாதன் அடித்துச் சொன்னான். மேலிடத்திலிருந்து வருகிற எதையும் வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் மீரானுக்கு இல்லை. “துளை விழுந்த அட்டை 212 பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி, தேதி போட்டு, ரசீது கொடுத்தார். நாறும்பூநாதன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அவன் சாப்பிட வந்தபோது, டிரங்குப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. சேலைகள், முறுக்கு டின், நோட்டுகள் எல்லாம் தரையில். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முத்துவடிவு அரிசிப் பானைக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, இன்னொரு டின்னு இருந்துச்சுல்லா. பாத்தியா?”

அவன் நிதானமாகச் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினான். “அத நேத்தே லைப்ரரில ஒப்படைச்சாச்சு. இந்தா, ரசீது. எண்ணித்தான் கொடுத்தேன்.”

அவள் வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.   தரையில் கிடந்த சேலைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எந்த லைப்ரரி?”

“நம்ம லைப்ரரிதான். நீதான வடிவு சொன்ன, மாத்தி முடிச்சாச்சு, இனி வேலை இல்லன்னு.”

“அது கம்பைலரு. இது லைப்ரரி. இது இல்லாம நாளைக்கு ஒண்ணும் ஓடாதுண்ணே.”

நாறும்பூநாதன் ரசீதைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். சாப்பிடாமலே செருப்பை மாட்டினான்.

நூலகத்தில் மீரான் இல்லை. சீசன் மாதங்களில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்காக அருவிக்குப் போகும் வழியில் ஒரு கொட்டகையில் வாசகசாலை நடத்துவார். திங்கட்கிழமை மத்தியானம் அவர் அங்கேதான் என்றார் கதவருகில் உட்கார்ந்திருந்தவர். அட்டை டின்னைப் பற்றிக் கேட்டதற்கு, அதையும் கொண்டு போயிருக்கிறார் என்றார்.

அண்ணனும் தங்கையும் குற்றாலம் பஸ்ஸில் ஏறும்போது மணி ஒன்று ஐம்பது. நிற்கத்தான் இடம். வெளியே சாரல் சாய்ந்து அடித்தது. இதே அட்டைகளில் வேறொரு செட்டு சென்னையில் கிடைக்காதா என்று அவன் கேட்டான். ஆராய்ச்சிக் கூடத்தில் பொதுவாக இருந்த செட்டைப் போன மாதம் யாரோ கீழே கொட்டிக் கலைத்துவிட்டார்கள் என்றாள். அதற்குப் பிறகு அவரவர் பிரதி எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு; டின்னும் அதன்மேல் ஒட்டிய காகிதமும் மட்டும் கூடத்துடையவை. பிரதி எடுக்க இரண்டு நாள் ஆகும். இரண்டு நாள் எங்கே இருக்கிறது?

“அதுல அப்படி என்ன இருக்கு வடிவு?” என்றான் மெதுவாக. கேட்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “அணை மேல வழியுத தண்ணி எவ்வளவுன்னு பாக்கணும்னா, மட்டத்தோட உயரத்த அதோட வர்க்கமூலத்தால பெருக்கணும். என் கணக்குல நான் ‘இங்கன வர்க்கமூலம் எடு’ன்னு மட்டுந்தான் எழுதியிருக்கேன். எப்படி எடுக்கணும்னு எழுதல. கம்பைலரும் எழுதாது. அது நான் எழுதுனத மாத்தி, இந்த இடத்துல வர்க்கமூலக்காரன் வருவான்னு ஒரு குறி வச்சுட்டுப் போயிரும். அந்த வர்க்கமூலக்காரன் லைப்ரரி டின்னுக்குள்ள இருக்கான். ஒருக்கா யாரோ நல்லா எழுதி வச்சது. எல்லாரும் எடுத்துக்கிடலாம்.”

பஸ் மேலகரத்தைத் தாண்டுவதற்குள் அவனுக்கு விளங்கிவிட்டது.  அண்ணாச்சி பத்திரம் சொல்லும்போது எல்லாவற்றையும் சொல்ல மாட்டார். “இங்கன வில்லங்க வாசகம் போடு, இங்கன நடைபாதை வாசகம் போடு” என்று சொல்லிக்கொண்டே போவார். நாறும்பூநாதன் மரப்பெட்டியிலிருந்து மாதிரி நோட்டை எடுத்து, அந்தந்த வாசகத்தைப் பார்த்து எழுதுவான். அண்ணாச்சியின் அப்பா காலத்தில் எழுதித் தேர்ந்த வாசகங்கள். ஒரு சொல் மாறக் கூடாது. அண்ணாச்சி போய்விடலாம். வாசகம் பத்திரத்துக்குள்ளேயே இருந்து காலம் பூராவும் வேலை செய்யும். அந்த நோட்டு இல்லாவிட்டால் பத்திரத்தில் ‘இங்கே வில்லங்க வாசகம்’ என்ற வெறும் குறிதான் நிற்கும். அதை வைத்துக்கொண்டு ஒருவன் வீட்டுக்குள் நுழைய முடியாது.

பதினைந்து வருஷமாக மாதிரி நோட்டைக் கட்டிக் காப்பவன், தங்கையின் மாதிரி நோட்டைத் தூக்கி ஊருக்குக் கொடுத்துவிட்டான்.

கொட்டகையில் மீரான் அவர்களை முகம் மலர்ந்து வரவேற்றார். நல்ல அட்டை, சாரலுக்குக்கூட வளையவில்லை என்று பாராட்டினார். இரவல் கொடுக்கும் புத்தகங்களுக்குள் ஆளுக்கொன்று வைத்து, பின்புறத்தில் திருப்ப வேண்டிய தேதியை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து கொடுத்தது பத்தொன்பது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. முத்துவடிவு கேட்டது ஒன்றுதான்.

“புதுசா ஓட்டை எதுவும் போட்டீகளா?”

“இருக்கிற ஓட்டைக்கே அர்த்தம் புரியலயேம்மா. நான் என்னத்துக்குப் போடப் போறேன்?”

எழுதியது பரவாயில்லை, எழுத்து யந்திரத்தின் கண்ணில் படாது என்றாள். மீரான் பதிவேட்டைத் திறந்தார். பெயர், தங்கியிருக்கும் இடம், புத்தகம் எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தார். அந்தப் பதட்டத்திலும் நாறும்பூநாதன் அந்தக் கையெழுத்தைக் கவனித்தான். கொட்டகையைச் சாத்திவிட்டு மூவரும் மூன்று பக்கமாகப் போனார்கள். நாலு மணிக்கு அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பேச்சு.

அவனுக்கு விழுந்தது ஏழு பேர். ஈரத் துண்டோடு வருகிறவர்களையும் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருக்கிறவர்களையும் வழிமறித்து, புத்தகம் வேண்டாம், உள்ளே இருக்கிற அட்டையை மட்டும் கொடுங்கள் என்று கேட்டான். சிலர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். பரிசுக் குலுக்கல் சீட்டா என்று ஒருவர் விசாரித்துவிட்டுத்தான் தந்தார். மாடி வீட்டில் தங்கியிருந்த ஹைருன் பீவி என்ற அம்மாள் உடனே எடுத்துக் கொடுத்தாள். சொந்த ஊரில் அவள் வீட்டில் தறி இருந்தது. “எங்க பூ போடுத தறியிலயும் இப்படி அட்டை உண்டு. ஒண்ணு குறைஞ்சா பூ கோணிப்போகும். அதான் பத்திரமா வச்சேன்” என்றாள். அவள் நல்ல எண்ணத்தில் சொன்னாள். அவன் அட்டையை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைத் தேடி ஓடினான்.

நாலு மணிக்குப் பதினெட்டு சேர்ந்தது. பத்தொன்பதாவது, ஒரு ரிட்டையர்டு தாசில்தாரிடம். அவர் துப்பறியும் நாவலோடு ஐந்தருவிக்குப் போயிருந்தார். முன்பே அவரைத் தேடிப் போயிருந்த மீரான், நாலே கால் மணிக்கு அவரையே கூட்டிக்கொண்டு வந்தார். புத்தகம் நனைந்து பணியாரமாக உப்பியிருந்தது. பாறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாராம், வழுக்கி விழுந்துவிட்டதாம். புத்தகத்தை எடுத்துவிட்டார். அட்டை தண்ணீரோடு போய்விட்டது. கொலை செய்தவன் யார் என்று தெரிவதற்குள் இப்படி ஆகிவிட்டதே என்று அவர் தன் கவலையைச் சொன்னார்.

எந்த அட்டை போயிற்று என்று யாருக்கும் தெரியாது. எண்ணிப் பார்க்கவும் நேரமில்லை. ஒரு குதிரை வண்டியைப் பிடித்தார்கள். அவனும் ஏறினான். பதினைந்து வருஷத்தில் சொல்லாமல் எடுக்கும் முதல் விடுப்பு. மடியில் ஒரு காகிதத்தை வைத்து, “தவிர்க்க முடியாத காரணத்தால் 9, 10 தேதிகளில் வர இயலாது” என்று அண்ணாச்சிக்கு எழுதி, கீழே பெயரும் தேதியும் போட்டு, வண்டி கிளம்புமுன் மீரானிடம் கொடுத்தான். கிளம்பும்போது சொல்லியிருந்தபடி அம்மா ஸ்டேஷனிலேயே டிரங்குப் பெட்டியோடு காத்திருந்தாள். ரயில் அரை நிமிஷத்துக்குமேல் அவர்களுக்காகத் தாமதிக்கவில்லை.

மூன்றாம் வகுப்பு மரப் பலகையில் இடையில் ஒரு துண்டை விரித்து அட்டைகளை அடுக்கத் தொடங்கினார்கள். பதினெட்டு அட்டைகளிலும் சாரல் ஈரம் இருந்தது. நாறும்பூநாதனின் கைப்பையில் எப்போதும் ஒற்றுத்தாள் உண்டு. முத்திரைத்தாளின் மையை ஒற்றுவதுபோல், தேய்க்காமல், ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தான். பிறகு எண்களை அவன் வாசித்தான். அவள் தன் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள்.

கடையநல்லூர் ஸ்டேஷன் வந்தபோது எண்பதுக்கு வந்திருந்தார்கள். முத்துவடிவு அவனை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு தடவை தண்ணீர் குடித்தாள்.

“எண்பத்திநாலுலயிருந்து நூத்திப் பதினேழு வரைதான் வர்க்கமூலம். இதுல ஒண்ணு போயிருந்தா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிரலாம்” என்றாள்.

அவன் வாசித்தான். எண்பத்து நாலு இருந்தது. எண்பத்தைந்து இருந்தது.  தொண்ணூற்றொன்பதின் பின்புறத்தில் மீரானின் கையெழுத்து. நூற்றெட்டிலும். வெளியே வெளிச்சம் மஞ்சளாகி வந்தது. எதிர்ப் பலகையில் இருந்தவர் என்ன விளையாட்டு இது, ரம்மியா என்று கேட்டார்.  நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பதினாறு. நூற்றுப் பதினேழு.

அடுத்ததைப் புரட்டினான். நூற்றுப் பத்தொன்பது.

இரண்டு தடவை பார்த்தான். தலைகீழாகவும் பார்த்தான். “பதினெட்டு இல்ல வடிவு.”

அவள் நோட்டில் விரலை வைத்தாள். நூற்றுப் பதினெட்டு முதல் நூற்று நாற்பத்தொன்பது வரை: சைன். கோணக் கணக்குக்கு உரியது. அதன் முதல் அட்டையைத்தான் ஐந்தருவி கொண்டு போயிருந்தது.

“ஒன் கணக்குல அது வருதா?”

“வரல.”

அவன் வாயிலிருந்து பெருமூச்சு வந்தது. ஆனால் அவள் முகம் இளகவில்லை. யந்திரத்துக்குள் விடும்போது பாதிச் சைன் உள்ளே இருந்தால் கோளாறு வரலாம். அதனால் அந்த முப்பத்திரண்டையுமே எடுத்துவிட வேண்டும். அதை அவள் செய்துவிடுவாள். கோளாறு யந்திரத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது என்றாள். அட்டைகளைக் கொடுக்கும்போது ஒரு படிவமும் கொடுக்க வேண்டும். நூலக அட்டைகள் 212, குறைவின்றி உள்ளன என்று அதில் அச்சிட்டே இருக்கும். கீழே அவளுடைய உதவிப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருஷமாக எல்லாக் காகிதத்திலும் அவர்தான் கையெழுத்து. அவள் ஓரத்தில் சின்னதாக “எம்.வி.” என்று மட்டும் போடுவாள், யார் தயாரித்தது என்று தெரிவதற்காக.

சங்கரன்கோவில் வருவதற்குள் மிச்சத்தையும் பார்த்து முடித்தார்கள். மீதி அட்டைகள் எல்லாம் இருந்தன. தன் பிழையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாறும்பூநாதன் நெடுநேரம் சொற்களைத் தேடினான். கடைசியில், “நான் மீதியக் கேட்டிருக்கணும்” என்றான். அவள், “தோசை ஆறிப்போயிருக்கும்லா” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் நின்றார்கள். யந்திரம் இருந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. அவனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார முடியவில்லை. உள்ளே உதவிப் பொறியாளர் வந்திருந்தார். முத்துவடிவு நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்வது கண்ணாடி வழியே தெரிந்தது. அவர் படிவத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அவர் கெட்டவர் கிடையாது என்று பின்னால் அவளே சொன்னாள். இருநூற்றுப் பன்னிரண்டு இருப்பதாக அச்சிட்ட காகிதத்தில், இல்லை என்று தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட அவர் தயாராக இல்லை, அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஆக இரண்டு நிமிஷம். யந்திரத்தை இயக்குகிறவர் அடுத்த அலுவலகத்தைக் கூப்பிடலாமா என்று கேட்டார். நாறும்பூநாதன் சட்டைப் பையிலிருந்த ரசீதைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தான். உள்ளே போய், தப்பு என்னுடையது, எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லலாமா என்று நினைத்தான். இவன் எழுதிக் கொடுத்தால் அங்கே யாருக்கு வேண்டும்?

முத்துவடிவு படிவத்தை மேஜைமேல் வைத்து, பேனாவைத் திறந்தாள்.

அச்சிட்ட 212-இன் மேல் ஒரே ஒரு கோடு. சுரண்டவில்லை, பழைய எண்ணை அடியில் வாசிக்க முடிந்தது. மேலே 180. பிறகு பக்கத்தின் அடிக்குப் போய் இங்கிலீஷில் எழுதினாள். எழுதியதை இயக்குகிறவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, உதவிப் பொறியாளரிடம் காட்டினார். படிவத்தில் குறைவு என்ன, அதற்கு யார் பொறுப்பு என்று இருக்கிறது; எனக்கு அது போதும் என்றார். பொறியாளர் அதைப் படித்தார். பிறகு, ஓட்டலாம் என்று தலையசைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் அவள் கணக்கு உள்ளே போனது. அதன் பின்னால் லைப்ரரி. யந்திரம் அட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. மீரான் தேதி எழுதிய அட்டைகள் வரும்போதெல்லாம் நாறும்பூநாதன் கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றைக்கூட அது துப்பவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பத்து மணி முப்பத்தேழு நிமிஷத்துக்கு, யாரும் தொடாமலே டைப்ரைட்டர் அடிக்கத் தொடங்கியது. முப்பது வருஷத்துத் தண்ணீரும் வரிசையாக இறங்கி முடிந்தபோது பதினொன்றுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. ஐந்து வரிகளைப் பொறியாளர் கையால் போட்டுப் பார்த்தார். ஐந்தும் சரி.

வெளியே வந்ததும் அவன் விடையைக் கேட்கவில்லை. படிவத்தின் பிரதியைக் கேட்டான். பெஞ்சில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தான். அங்கேயே நாற்பது பக்க நோட்டை எடுத்து, அவள் அடியில் எழுதியிருந்ததைத் தமிழில் குறித்துக்கொண்டான். பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் சம்பளப் பட்டியலிலும் அவள் பெயர் எழுதியிருக்கிறாள்தான். அதெல்லாம் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம். ஒரு திருத்தத்தின் கீழே, பொறுப்பு என்னுடையது என்று போடுவதைத்தான் அவன் தொழிலில் கையெழுத்து என்பார்கள். நோட்டில் அவன் எழுதியது இது:

“அடித்தல் ஒன்று. நூலக அட்டைகள் 118 முதல் 149 வரை 32 நீக்கம். இதில் 118 தொலைந்தது. இந்தக் கணக்கு அவற்றை அழைக்கவில்லை. மீதி 180 சரி. இதற்கு நானே பொறுப்பு. எஸ். முத்துவடிவு. 9-8-1966.”